வாத்தியார் வேலை வேண்டாம் என்போர் தேவை!

வக்கற்றவனுக்கு வாத்தியார் வேலை, போக்கற்றவனுக்குப் போலீஸ் வேலை என்று ஒரு பேச்சு நம்மிடையே நெடுநாளாக உலவி வருகிறது. திண்ணையிலே சாய்ந்துகொண்டு ஊர்க்கதை அளப்போர் கட்டிவிட்ட பேச்சு அது. ஆலைச் சங்கு ஊதுமுன் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு ஓடுகிற உழைப்பாளி அதைச் சொல்லமாட்டான். தன் பிள்ளைக்கு நாலெழுத்துச் சொல்லித் தருபவரின் அருமை அவனுக்குத் தெரியும். ஆனால் ஆசிரியத் தொழிலை இளக்காரமாக எண்ணும் நோய் நமக்கு மட்டுமே சொந்தமானது என்று எவரும் வருந்த வேண்டாம். அறிவின் தலைநகரம் என்று பெயர் பெற்ற கேம்பிரிட்ஜிலேயே அந்த நோய் இருந்தது. அங்கே ஒருவர் அதை விளம்பரமாகவே அச்சிட்டார்!

1924ஆம் ஆண்டு வசந்த காலம். இங்கிலாந்தின் ஏடுகள் சிலவற்றில் அந்த விளம்பரம் வெளிவந்தது. இரண்டரை வயது முதல் ஏழு வயது வரையுள்ள சில பிள்ளைகளுக்குக் கல்வி புகட்ட, படித்த பெண்மணி ஒருவர் தேவை. அந்த வேலையை ஓர் அறிவியல் ஆராய்ச்சி போலவே நடத்த வேண்டும். பட்டம் வேண்டும், முதல் வகுப்பானால் நல்லது. முன்பே ஆசிரியராக இருந்திருந்தால் அதைக் குற்றமாகக் கொள்ளமாட்டோம். ஆனால் இதுவரை ஆசிரியத் தொழிலைத் தம் தகுதிக்குக் குறைவானது என்று ஒதுக்கி வந்தவர், வேறு தொழில் பார்த்துப் பழகியவர் கிடைத்தால் மகிழ்வோம். சம்பளம் தாராளம், பள்ளியாசிரியருக்குக் கிடைப்பதைவிடத் தாராளம். இதுதான் அதன் சாரம்.

பார்த்தீர்களா வேடிக்கையை! சமையற்காரர் தேவை, இதுவரை அடுப்பங்கரைப் பக்கமே போகாதவராக இருந்தால் சிறப்பு என்று எவரேனும் விளம்பரம் செய்வாரா? பள்ளிக்கூடம் என்றால் மட்டும் செய்யலாம் போலும்!

விளம்பரம் கொடுத்தவர் ஜெப்ரி பைக். கிறுக்கரா, மேதையா என்று அவரோடு பழகியவர்களே முடிவு கட்ட முடியாத மனிதர். முதல் உலகப்போர் மூண்ட 1914ஆம் ஆண்டில், இருபது வயது கடந்த இளைஞராக, போலி அமெரிக்கக் கடவுச்சீட்டோடு பெர்லின் நகரத்துக்கே போய்விட்டார், பத்திரிகைக்குச் செய்தி அனுப்ப! பிடித்துச் சிறையிலே போட்டார்கள். பிறகு ரூலபென் முகாமில் அடைத்தார்கள். அங்கிருந்து 1915இல் தோழர் ஒருவரோடு தப்பி வந்தார். ஊர் திரும்பியதும் அதைப் புத்தகமாக எழுதினார். இளமையில் படைத்தலைவர் வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் விடுதிப் பள்ளியிலே படித்தவர்; யூதப் பிள்ளை என்பதால் அங்கே பட்ட தொல்லை கொஞ்சமல்ல. 1921இல் அவருக்கு மகன் பிறந்தான். தாம் பட்ட பாடு மகன் படக்கூடாது. அவன் கேட்கும் கேள்வியை அடக்காத பள்ளி வேண்டும். அப்படிப்பட்ட பள்ளி நாட்டிலே இல்லை, ஆகவே நாமே ஒன்றைத் தொடங்குவோம் என்று கிளம்பினார். பணத்துக்கு வழி? இலண்டன் உலோகச் சந்தை. செம்பும் வெள்ளீயமும் விலை ஏறுமா இறங்குமா என்று கணக்குப் போட்டு வாங்கி விற்றார். இலாபம் கொழித்தது. எந்தச் சுரங்கத்தில் எவர் வியர்வை சிந்தி வெட்டியெடுத்த உலோகமோ, அதன் விலையேற்றம் கேம்பிரிட்ஜில் பள்ளிக்கூடமாக நின்றது!

அந்தப் பள்ளிதான் மால்டிங் ஹவுஸ் பள்ளி. 1924 அக்டோபரில் பத்தே சிறுவர்களோடு தொடங்கியது. மூன்று வயது நிரம்பாதவர்களும் அதில் இருந்தனர். ஐந்து வயது நிரம்பியவர் எவருமில்லை. பின்னாளில்கூட இருபது பிள்ளைகளைத் தாண்டவில்லை. பெரிய கூடம், தோட்டம், பிள்ளைக்கொரு பாத்தி, வளர்ப்பு உயிரினங்கள், மெய்யான ரம்பம், சுத்தியல், எடையை மாற்றி மாற்றித் தொங்கவிட்டுப் பார்க்கத்தக்க ஏற்றப்பலகை. பாடவேளை கிடையாது, மணி அடிப்பது கிடையாது.

சரி, விளம்பரத்தைப் பார்த்து வந்தவர் யார்? ஆசிரியத் தொழிலை இகழ்ந்து ஒதுக்கிய சீமாட்டியா? அல்ல, அல்ல. சூசன் ஐசக்ஸ் என்ற அந்த அம்மையார் முறைப்படி பயிற்சி பெற்ற சிறுவர் பள்ளி ஆசிரியை! பைக் தேடியது ஒன்று, பள்ளிக்கு வாய்த்தது வேறொன்று. வாய்த்ததே நல்லதாயிற்று என்பது நம் கருத்து.

அந்த அம்மையாரின் வாழ்க்கையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், தோழர்களே. நூற்பாலைகள் நிறைந்த லங்காஷயர் மாவட்டத்தில், போல்ட்டன் நகரத்தை ஒட்டிய ஊரில் 1885இல் பிறந்தவர். தந்தை பத்திரிகையாளர், மெதடிஸ்ட் சபையில் உபதேசமும் செய்தவர். ஆறு வயதில் தாயை இழந்தார். வளர்ந்த பெண், கடவுள் உண்டா என்று ஐயம் எழுப்பினாள். விளைவு? தந்தை பள்ளியை விட்டே நிறுத்திவிட்டார்! கேள்வி கேட்டதற்காகப் படிப்பை இழந்த பெண், கேள்விக்கென்றே ஒரு பள்ளியைப் பின்னாளில் நடத்தினார். இடைப்பட்ட ஆண்டுகளில் புகைப்படக்காரரிடம் தொழில் பழகினார். மொராக்கோவில் ஓர் ஆங்கிலக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு வீட்டாசிரியையாக இருந்தார். இருபது வயதுக்கு மேல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் சிறுவர் பள்ளி ஆசிரியப் பயிற்சிக்குச் சேர்ந்தார். அவர் கூர்மையைக் கண்ட பேராசிரியர்கள் பட்டப்படிப்புக்குத் தள்ளினார்கள். 1912இல் தத்துவத்தில் முதல் வகுப்பு. பிறகு கேம்பிரிட்ஜில் உளவியல் ஆராய்ச்சி, பின்னர் உளப்பகுப்பாய்வு. இத்தனையும் கற்ற பிறகும் சின்னஞ்சிறு பிள்ளைகளோடு தரையில் உட்கார அவர் கூசவில்லை.

இன்னொன்றும் செய்தார். தொழிலாளர் கல்விச் சங்கத்தின் மாலை வகுப்புகளிலே பாடம் நடத்தினார். அந்தச் சங்கம் 1903இல் ஆல்பர்ட் மான்ஸ்பிரிட்ஜ் என்பவரால் தொடங்கப்பட்டது. அவர் தச்சர் மகன், கூட்டுறவு நிறுவனத்தில் எழுத்தர். பகலெல்லாம் உழைத்தவன் மாலையிலே வந்து பொருளாதாரமும் தத்துவமும் படிக்கும் வகுப்புகள் அவை. அப்படியொரு வகுப்புக்கு வந்த மாணவர் நேதன். ஜெர்மனியில் பிறந்த யூதர். சிறுவயதிலே இங்கிலாந்து வந்து, பதினாறு வயதில் பள்ளியை விட்டு உலோக வணிக நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். உலகப்போரில் நச்சுப்புகையில் அடிபட்டவர். பல்கலைக்கழகப் படிக்கட்டு மிதிக்காதவர். மாலை வகுப்பின் ஆசிரியையையே 1922இல் மணந்துகொண்டார்! கணவருக்கு வயது குறைவு. அதனால் என்ன? பேச்சுத் துணைக்கும் சிந்தனைத் துணைக்கும் வயதா கணக்கு?

இந்த நேதனும் பள்ளியின் ஆய்வுப் பணிக்கு வந்தார். பிள்ளை 'ஏன்' என்று கேட்கிறதே, அந்த 'ஏன்' எங்கிருந்து பிறக்கிறது? இதுதான் அவர் எடுத்துக்கொண்ட வேலை. தனக்குத் தெரிந்தது ஒன்றாகவும் கண்ணெதிரே நடப்பது வேறாகவும் இருக்கும்போது பிள்ளை திகைக்கிறது. அந்தத் திகைப்பே 'ஏன்' என்ற கேள்வியாகிறது என்று விளக்கினார். சூசன் அம்மையார் 1930இல் வெளியிட்ட நூலின் பின்னிணைப்பாக அந்த ஆய்வு வந்தது. பதினாறு வயதில் பள்ளியை விட்டவர் எழுதியது!

வேறு யார் யார் வந்தார்கள்? 1926இல் ஈவ்லின் லாரன்ஸ் என்ற அம்மையார் வந்தார், பொருளாதாரம் படித்தவர். அறிவியல் கற்பிக்க அமெரிக்காவிலிருந்து சாமுவேல் ஸ்லாவ்சன் வந்தார். உக்ரேனில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய அவர், பின்னாளில் குழு உளமருத்துவத்தில் பெயர் பெற்றார். தத்துவப் பட்டதாரி, உலோக வணிகர், பொருளாதாரம் படித்தவர், குடியேறிய அறிவியல்காரர், முகாமிலிருந்து தப்பிய பத்திரிகைக்காரர் என்று இருபது பிள்ளைகளைச் சுற்றி இத்தனை பேர்!

இந்தக் கதம்பக் கூட்டம் என்னதான் கற்பித்தது? ஒரு நிகழ்ச்சியைச் சொன்னால் போதும். 1925ஆம் ஆண்டு ஜூலையில் ஒரு நாள், பள்ளியில் வளர்த்த முயல் இரவோடு இரவாக இறந்துபோயிற்று. வயிறு ஏறி இறங்கவில்லை, ஆகவே செத்துவிட்டது என்றான் ஒருவன். நீரிலே போட்டால் பிழைத்துக்கொள்ளும் என்று அப்பா சொல்லியிருக்கிறார் என்றான் இன்னொருவன். நாமாக இருந்தால் என்ன செய்வோம்? சும்மா இருடா என்போம். அல்லது சாமியிடம் போய்விட்டது என்று கதை சொல்வோம். சூசன் அம்மையார் அதைச் செய்யவில்லை. போட்டுப் பார்ப்போமா என்று கேட்டார். தொட்டி நீரில் முயலை இட்டார்கள். நீரோட்டத்தில் அது மெல்லச் சுற்றியது. அசைகிறது, உயிர் இருக்கிறது என்று கூவினார்கள். அம்மையார் மறுத்துப் பேசவில்லை. ஒரு சிறு குச்சியை எடுத்து அதே நீரிலே போட்டார். குச்சியும் சுற்றியது! குச்சிக்கு உயிர் உண்டா? இல்லையென்று பிள்ளைகளே ஒப்புக்கொண்டார்கள். பிறகு முயலைப் புதைத்தார்கள். மறுநாள், புதைத்தது அங்கேயே இருக்கிறதா, வானத்துக்குப் போய்விட்டதா என்ற பேச்சு எழுந்தது. தோண்டிப் பார்த்தார்கள். இருந்தது.

அந்தக் குச்சியை எண்ணிப் பாருங்கள். சொற்பொழிவு இல்லை, அதட்டல் இல்லை, பாடப்புத்தகம் இல்லை. ஒரே ஒரு குச்சி! அதை எந்த நொடியில் எடுத்துப் போடவேண்டும் என்று தெரிந்ததே, அதுதான் ஆசிரியத் தொழில். தருக்கவியல் படித்தது அந்தக் கைக்கு உதவியிருக்கலாம், உளவியல் உதவியிருக்கலாம். ஆனால் நான்கு வயதுப் பிள்ளையின் முன்னால் எத்தனை நேரம் வாய்மூடிப் பொறுத்திருப்பது என்பது அந்தத் தொழிலைப் பயின்றவருக்கே கைவரும். வெளியுலகத் தொழில் பார்த்தவர் பள்ளிக்குள் வரவேண்டும் என்று பைக் எண்ணியது சரி. நாமும் அதை வரவேற்கிறோம். இரும்பை அறிந்தவர் இரும்பைப் பற்றிய கேள்விக்கு நேராக விடை சொல்வார். ஆனால் அப்படி வந்தவர்கள் வேரூன்ற அங்கே ஒரு பயிற்சி பெற்ற ஆசிரியை இருந்தார். விளம்பரத்திலே குற்றமாகக் கொள்ளமாட்டோம் என்று போனால் போகட்டுமெனச் சேர்த்தார்களே, அந்தத் தகுதிதான் பள்ளியைத் தாங்கிய தூண்!

பிள்ளைகளை முழு விருப்பத்துக்கு விட்டபோது வலுத்தவன் இளைத்தவனை அடித்தான். அதையும் அம்மையார் மறைக்காமல் எழுதிவைத்தார். பிறகு விட்டுக்கொடுத்த உரிமையைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்தார். கருவியை ஆயுதமாக ஓங்கினால் கருவி பறிபோகும். தோட்டக் குடிலின் கூரைமேல் ஒரு நேரத்தில் ஒருவர்தான் ஏறலாம். ஊரிலே வம்பு பேசினார்கள், காட்டுப்பிள்ளைகளை வளர்க்கிறார்கள் என்று. ஆனால் 1927இல் சுவிட்சர்லாந்திலிருந்து அறிஞர் ழான் பியாஜே அந்தப் பள்ளியைக் காண வந்தார். வந்தவரோடு அம்மையார் வாதாடினார். இன்ன வயதுக்குமுன் பிள்ளைக்குக் காரண காரியம் விளங்காது என்று வரம்பு கட்டாதீர்கள், கையிலே பொருளும் மனத்திலே ஆர்வமும் இருந்தால் சின்னப் பிள்ளையும் சிந்திக்கிறது என்பது அவர் கட்சி. பக்கம் பக்கமாகக் குறிப்பெடுத்து வைத்திருந்தவருக்கு அந்தத் துணிவு இருந்ததில் வியப்பில்லை.

அங்கே படித்தவர்கள் யார்? பெரும்பாலும் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் வீட்டுப் பிள்ளைகள். அதே காலத்தில் அரசுப் பள்ளிகளில் ஐம்பது அறுபது பிள்ளைகளை ஓர் ஆசிரியை கட்டி மேய்த்த வகுப்புகள் இருந்தன. போல்ட்டன் நூற்பாலைத் தொழிலாளியின் பிள்ளையும் முயல் ஏன் செத்தது என்று கேட்டிருக்கும். குச்சி எடுத்துப் போட அங்கே எவருக்கு நேரம்? பதினான்கு வயதானால் அந்தப் பிள்ளைக்கு ஆலைவாசல் காத்திருந்தது.

பத்துக்கும் இருபதுக்குமாக நடந்த அந்தப் பள்ளியாவது நிலைத்ததா? 1927இல் உலோகச் சந்தை சரிந்தது. பைக் போட்ட கணக்கெல்லாம் பொய்த்தது. கையிருப்பு கரைந்தது, கடன் ஏறியது. அந்த ஆண்டு இறுதியில் சூசனும் நேதனும் வெளியேறினார்கள். பைக்குடன் மனவேறுபாடும் முற்றியிருந்தது. 1929இல் பள்ளியை மூடினார்கள். ஆசிரியர் குறையால் மூடவில்லை, பிள்ளைகள் இல்லாமல் மூடவில்லை. செம்பு விலைக்கும் பிள்ளையின் படிப்புக்கும் முடிச்சுப் போட்டிருந்தார்கள், முடிச்சு அவிழ்ந்தது. வள்ளல் தயவிலே நடக்கும் கல்விச்சாலை எதற்கும் இந்தக் கண்டம் உண்டு. அதனாற்றான் பள்ளிக்கூடம் பொதுப்பணத்தில் நடக்கவேண்டும் என்று உழைப்பாளர் இயக்கங்கள் எந்த நாட்டிலும் போராடி வந்திருக்கின்றன.

பைக் பிறகு இரண்டாம் உலகப்போரில் பனிக்கட்டியால் கப்பல் கட்டும் திட்டத்தைத் தீட்டி, சர்ச்சிலின் செவியையே எட்டவைத்தார். 1948இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அதே ஆண்டில் சூசன் அம்மையாரும் புற்றுநோயால் மறைந்தார். நேதன் 1950இல் ஈவ்லின் லாரன்சை மணந்தார். உலோக வணிகத்தையும் விடாமல், பியாஜேயின் ஆய்வுகளைப் பள்ளியாசிரியர்களுக்கு விளக்கும் சிறு நூல்களை 1966இல் இறக்கும்வரை எழுதிவந்தார்.

சூசன் அம்மையார் பள்ளியை விட்டபின் உர்சுலா வைஸ் என்ற புனைபெயரில் ஏடொன்றில் தாய்மார்களின் கடிதங்களுக்கு 1929 முதல் 1936 வரை விடையெழுதினார். சிறுவர் பள்ளிகள் பற்றி அரசு அமைத்த ஹாடோ குழுவின் 1933ஆம் ஆண்டு அறிக்கையில் அவர் எழுத்தும் இடம்பெற்றது. அதே ஆண்டில் இலண்டன் பல்கலைக்கழகக் கல்விக் கழகம் குழந்தை வளர்ச்சித் துறை ஒன்றைப் புதிதாக அமைத்து அவர் பொறுப்பில் விட்டது. அந்தத் துறையில் படிக்க வந்தவர்கள், வகுப்பறையிலே நின்று பழகி அனுபவப்பட்ட பள்ளியாசிரியர்கள்.