தீப்பிடித்த எண்ணெய்க் கப்பல் யாருடையது?

அக்கரப்பத்தனையிலிருந்து இறங்கும் ஆக்ரா ஓயாவின் நீர் கொத்மலை ஓயா வழியாக மகாவலியில் கலந்து, கடைசியில் கிழக்குக் கடலை அடைகிறது. அந்தக் கிழக்குக் கடலில், 2020 செப்டெம்பர் 3ஆம் திகதி காலை, ஒரு பெரிய எண்ணெய்க் கப்பல் தீப்பற்றியது. அம்பாறை மாவட்டத்தின் சங்கமன்கண்டி முனையிலிருந்து 38 கடல் மைல், அதாவது சுமார் 70 கிலோமீற்றர் தொலைவில் அது நடந்தது. கப்பலின் பெயர் நியூ டயமண்ட்.

நீளம் ஏறத்தாழ 330 மீற்றர். ஏற்றியிருந்தது 270,000 தொன் மசகு எண்ணெய், அதாவது இன்னும் சுத்திகரிக்காத எண்ணெய். நமது பாதைகளில் வரும் பெரிய பவுசர் ஒன்றில் 33,000 லீட்டர் பிடிக்கும். அப்படிப்பட்ட பவுசர்கள் 9,600 இருந்தால்தான் அவ்வளவையும் ஏற்றலாம். 1989இல் அலாஸ்காவில் பாறையில் மோதிய எக்ஸொன் வால்டீஸ் கப்பலிலிருந்து கொட்டியது சுமார் 37,000 தொன். அதற்கே அக்கரையோரம் எத்தனையோ ஆண்டுகள் அழுதது. நியூ டயமண்டில் இருந்ததோ அதைப்போல் ஏழு மடங்கு.

குவைத்தின் மினா அல் அஹ்மதி துறைமுகத்தில் எண்ணெயை ஏற்றிக்கொண்டு இந்தியாவின் ஒடிசாவிலுள்ள பாரதீப்புக்குப் போய்க்கொண்டிருந்தது. பாக்கு நீரிணை ஆழமற்றது. இவ்வளவு பெரிய கப்பல் அதன் வழியாகப் போக முடியாது. எனவே வளைகுடாவிலிருந்து வங்காள விரிகுடாவுக்குப் போகும் எண்ணெய்க் கப்பல்கள் நம் நாட்டின் தெற்கு முனையைச் சுற்றித்தான் போகின்றன. அந்த எண்ணெய் நமக்கென்று போவதல்ல. ஆபத்து மட்டும் நம் வாசலால் போகிறது.

தீ தொடங்கியது எண்ணெய்த் தாங்கிகளில் அல்ல, பின்பக்கத்திலுள்ள இயந்திர அறையில். கொதிகலன் வெடித்ததில் பிலிப்பைன்ஸ் நாட்டு ஊழியர் ஒருவர் இறந்தார். மற்ற 22 பேரும் காப்பாற்றப்பட்டனர். அவர்களில் காயமடைந்த ஒருவர் கல்முனை வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்பட்டார். இலங்கைக் கடற்படையும் விமானப்படையும் இந்தியக் கரையோரக் காவற்படையும் கடற்படையும் சேர்ந்து போராடின. தீ அடங்கிவிட்டது என்று எண்ணிய வேளையில் 7ஆம் திகதி மீண்டும் மூண்டது. 9ஆம் திகதிதான் முற்றாக அணைந்தது.

அப்படியானால் அந்த 270,000 தொன் எண்ணெய் ஏன் பற்றவில்லை? இதற்கு அதிர்ஷ்டம் மட்டும் காரணமல்ல. எண்ணெய்த் தாங்கிகள் பல அறைகளாகப் பிரிக்கப்பட்டு, முன்பக்கத்தில் தனியாக இருக்கும். எண்ணெய்க்கு மேலுள்ள வெற்றிடத்தை ஒட்சிசன் குறைந்த புகை வாயுவால் நிரப்பி வைப்பார்கள். ஒட்சிசன் போதாவிட்டால் நெருப்பு பிடிக்காது. அடுப்பின் வாயை மூடிவிட்டால் விறகு அணைந்துவிடுவதில்லையா, அதே விஷயந்தான். ஆனால் இரும்புச் சுவர் சூடேறிக்கொண்டே போனால் எந்த ஏற்பாடும் நிலைக்காது. ஆகவேதான் நாள் கணக்காகத் தண்ணீரைப் பீய்ச்சிச் சுவரைக் குளிர்வித்தார்கள். எக்ஸொன் வால்டீஸ் விபத்துக்குப் பின் எண்ணெய்க் கப்பல்களுக்கு இரட்டை அடிச்சுவர் வேண்டும் என்ற சட்டமும் வந்தது. இத்தனை காவலுக்குள் ஏற்றிய எண்ணெய் தப்பியது. கடலில் படலமாகப் பரவியது கப்பலின் சொந்த எரிபொருள்.

இனி, கப்பல் யாருடையது என்ற கேள்விக்கு வருவோம். பறந்த கொடி பனாமாவினுடையது. பதிவுச் சொந்தக்காரர் லைபீரியாவில் பதிந்த போர்ட்டோ எம்போரியோஸ் என்ற கம்பனி. நடத்தியது கிரேக்க நாட்டின் நியூ ஷிப்பிங் நிறுவனம். ஊழியர்கள் 18 பிலிப்பைன்ஸ்காரரும் 5 கிரேக்கரும். கப்பலை வாடகைக்கு எடுத்தது இந்தியன் ஒயில் கூட்டுத்தாபனம்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதைப் புரிந்துகொள்வது கஷ்டமில்லை. பங்குக்காரர்கள் லண்டனில், ஏஜன்சி கொழும்பில், துரை பங்களாவில், கொழுந்தெடுப்பவர் லயத்தில் என்று ஒரு காலம் இருந்தது. லயத்துக் கூரை ஒழுகினால் யாரிடம் கேட்பது? துரை கொழும்பைக் காட்டுவார், கொழும்பு லண்டனைக் காட்டும். கடலிலும் இப்படித்தான். வரியும் சம்பளச் சட்டமும் இலகுவான நாட்டின் கொடியைக் கட்டிக்கொள்வதை வசதிக் கொடி என்கிறார்கள். கொதிகலனுக்கருகே நின்ற மனிதனுக்கு அதில் என்ன வசதி இருந்தது?

ஆனாலும் கடல் சட்டமில்லாத இடமல்ல. 38 கடல் மைல் என்பது நமது 12 மைல் ஆள்புலக் கடலுக்கு வெளியே. 200 மைல் பொருளாதார வலயத்துக்கு உள்ளே. அங்கே கடலைப் பாதுகாக்கும் உரிமை இலங்கைக்கு உண்டு. 2008ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கக் கடல் மாசடைதல் தடுப்புச் சட்டத்தின் கீழ் கப்பலின் கப்டன் மீது கொழும்பில் வழக்குத் தொடரப்பட்டது. குற்றத்தை ஒப்புக்கொண்ட அவருக்கு 1 கோடி 20 இலட்சம் ரூபா அபராதம் விதிக்கப்பட்டது. தீயணைத்த செலவுக்காகச் சட்டமா அதிபர் முதலில் கேட்டது 34 கோடி ரூபா. கப்பல் அரபு எமிரேட்ஸ் பக்கம் இழுத்துச் செல்லப்பட்டது.

2,000 தொன்னுக்கு மேல் எண்ணெய் ஏற்றும் கப்பலுக்குக் காப்புறுதி கட்டாயம் என்று 1992ஆம் ஆண்டின் சர்வதேச உடன்படிக்கை சொல்கிறது. எண்ணெய் கசிந்தால் தவறு யாருடையது என்று காத்திராமல் பதிவுச் சொந்தக்காரரிடம் நட்டஈடு கேட்கலாம். அவரது உச்சவரம்புக்கு மேற்பட்ட நட்டத்துக்குச் சர்வதேச நிதியம் ஒன்று உண்டு. ஆனால் நட்டத்தை நிரூபிக்க வேண்டும். தோட்டத்தில் எத்தனை பேர் விழுந்தது என்று காட்டச் செக்ரோல் இருக்கிறது. திருக்கோவிலிலோ பொத்துவிலிலோ தோணியில் போகும் மீனவர், நேற்று எத்தனை கிலோ பிடித்தார் என்பதற்கு எந்தப் புத்தகத்தைக் காட்டுவார்? பிடித்ததையும் விற்றதையும் ஒரு கொப்பியில் திகதியோடு எழுதி வைப்பதற்கு மீனவர் சங்கங்கள் உதவலாம். 

நியூ டயமண்ட் எரிந்து ஒன்பது மாதம் ஆகுமுன்னே, 2021 மே மாதத்தில், எக்ஸ்-பிரஸ் பேர்ள் என்ற கொள்கலன் கப்பல் கொழும்புக்கு அப்பால் எரியத் தொடங்கியது. அது தப்பவில்லை. மேற்குக் கரையெங்கும் பிளாஸ்ரிக் மணிகள் ஒதுங்கின. 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் அந்தக் கப்பல் தரப்பை 100 கோடி அமெரிக்க டொலர் செலுத்தும்படி உத்தரவிட்டது. செலுத்த முடியாது என்று சிங்கப்பூரிலிருந்து கம்பனி பதில் சொன்னது.