கால் கிலோ எங்கே போயிற்று?

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., வேதியியல்

ஆரணியில் பட்டு நூலை வேகவைத்துச் சாயமேற்றும் பட்டறை ஒன்றில் என் தந்தையார் வேலை செய்கிறார். நான் சிறுவனாய் இருந்தபோது, தொழிலுக்குப் புதியவரான ஒரு முதலாளி ஒரு கிலோ கோரா பட்டைக் கொடுத்துவிட்டு, வெந்து உலர்ந்து வந்த நூலைத் தராசில் வைத்துப் பார்த்தார். முக்கால் கிலோதான் நின்றது. “கால் கிலோ எங்கேய்யா?” என்றார். “பசைங்க, தண்ணியோட போயிடுச்சுங்க” என்றார் என் தந்தையார். அவர் நம்பவில்லை. அந்த வாரக் கூலியில் பிடித்தம் விழுந்தது. அந்தக் கால் கிலோவைத் தேடிப் போன கதையே இக்கட்டுரை.

பட்டுப்புழு உமிழ்வது ஓர் இழையன்று, இரண்டு இழைகள். இரண்டும் ஃபைப்ராயின் என்னும் புரதத்தால் ஆனவை. அவற்றைப் பூசி ஒட்டவைத்திருப்பது செரிசின் என்னும் வேறொரு புரதம். கோரா பட்டின் எடையில் 20 முதல் 30 விழுக்காடு வரை இந்தப் பசைதான். இது போனால்தான் பட்டுக்குப் பளபளப்பும் மென்மையும் வரும். சாயமும் சீராக ஏறும். எனவே சோப்பும் சலவைச் சோடாவும் கலந்த கொதிநீரில் நூலைத் திருப்பித் திருப்பி வேகவைக்கிறார்கள். ஆக, என் தந்தையார் சொன்னது முற்றிலும் சரி.

பாடத்தில் நாம் படிக்கும் ‘செரின்’ என்னும் அமினோ அமிலத்துக்கு அப்பெயர் வந்த காரணம் தெரியுமா நண்பர்களே? 1865-ஆம் ஆண்டில் கிராமர் என்பவர் அதை முதன்முதலில் பிரித்தெடுத்தது இந்தப் பட்டுப் பசையிலிருந்துதான். இலத்தீனில் ‘செரிக்கம்’ என்றால் பட்டு. நூலகத்தில் இதைப் படித்தபோது, அயலூரில் சொந்தக்காரர் ஒருவரைக் கண்டது போல் இருந்தது எனக்கு.

சென்ற ஆண்டு எங்கள் பேராசிரியர் வகுப்பில் காபியைப் பற்றிச் சொன்னார். கொட்டையை எடுத்தபின் எஞ்சும் பழத்தோலும், வறுக்கும்போது உதிரும் வெள்ளித்தோலும் வீணாய்ப் போகின்றன. அவற்றில் குளோரோஜெனிக் அமிலம் போன்ற, ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் நல்ல பொருள்கள் இருக்கின்றன. அவற்றைக் கரைப்பான் கொண்டு மீட்கும் முறையை மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகள் 2012-இல் வெளியிட்டார்கள். “உங்கள் ஊர்க் குப்பையில் என்ன இருக்கிறது?” என்று அவர் கேட்டதும் வகுப்பே சிரித்தது. எனக்குப் பட்டறையின் பின்புறக் கால்வாய் நினைவுக்கு வந்தது.

செரிசினில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு செரின். அதன் ஹைட்ராக்சில் தொகுதிகள் நீரை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். நம் தோலின் மேற்படலம் ஈரத்தைக் காப்பதும் இத்தகைய அமினோ அமிலங்களால்தான். அவற்றிலும் செரினே மிகுதி. 1998-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், செரிசின் கொழுப்பு சிக்குப்பிடிப்பதைத் தடுக்கிறது என்றும், டைரோசினேஸ் என்னும் நொதியை அடக்குகிறது என்றும் காட்டினார்கள். நறுக்கிய கத்தரிக்காயைக் கறுக்கச் செய்வதும் இதன் உறவுக்கார நொதிதான். தாய்லாந்தில் புண் ஆற்றும் கட்டுத்துணியில் செரிசினைச் சேர்த்து ஆராய்ந்திருக்கிறார்கள். இதனால் எல்லா நோயும் தீரும் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். சோதனைக்கூட முடிவு வேறு, மருந்து வேறு. ஆனால் முகப்பூச்சுகளிலும் தலைமுடித் தைலங்களிலும் இது உண்மையாகவே சேர்க்கப்படுகிறது.

அப்படியானால் ஏன் யாரும் அள்ளவில்லை? கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு கிலோ பட்டை 25 லிட்டர் நீரில் வேகவைத்தால், கரைவது 250 கிராம். அதாவது ஒரு விழுக்காட்டுக் கரைசல். ஒரு கிலோ நீரை ஆவியாக்க 2260 கிலோஜூல் வேண்டும். 25 லிட்டரையும் வற்றவைக்க, வெப்பம் துளியும் வீணாகாவிட்டால்கூட மூன்றரைக் கிலோ விறகு போகும். நம் திறந்த அடுப்பில் அதைப்போல் பல மடங்கு. வற்றியபின் மிஞ்சுவதோ சோப்பும் சோடாவும் கலந்த கூழ்!

சரி, அமிலம் விட்டுப் பார்ப்போம் என்று ஒரு சீசா கழிவுநீரை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவந்தேன். நாற்றத்தில் நண்பர்கள் சன்னலோரம் ஒதுங்கினார்கள். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைத் துளித்துளியாய் விட, சோடா நுரைத்துப் பொங்கிற்று. சோப்பு உடைந்து கொழுப்பமிலமாய் மேலே திரண்டது. பி.எச். 4-ஐ நெருங்கியதும் கலங்கல் அடியில் படிந்தது. அதில் பையூரெட் சோதனை செய்தேன். ஊதா நிறம்! புரதமேதான். ஆனால் கொழுப்பு ஒட்டிய பழுப்புச் சேறு. காரம் புரதச் சங்கிலிகளையும் வெட்டியிருக்கும். இதை யார் முகத்தில் பூசுவது?

தொழிற்சாலைகளில் இதற்கு வேறு வழி உண்டு. சோப்பும் சோடாவும் இல்லாமல், அழுத்தத்தில் 120 டிகிரி சூட்டு நீரால் மட்டுமே பசையைக் கரைப்பது. பிறகு நுண்ணிய சவ்வுகளால் வடித்து உலர்த்துவது. சவ்வுக்கு நான் எங்கே போவேன்? ஆனால் 120 டிகிரி எங்கள் வீட்டுச் சமையலறையிலேயே இருக்கிறது. பத்து கிராம் கோரா நூலைக் கொஞ்சமாய் நீர் விட்டு அம்மாவின் குக்கரில் வைத்தேன். (குக்கரை மும்முறை கழுவிக் கொடுக்க நேர்ந்தது தனிக்கதை.) உலர்ந்த நூல் ஏழரை கிராம் நின்றது. வடித்த நீர் ஆறியதும் கஞ்சி போல் இறுகிற்று. சோப்பில்லை, சோடாவில்லை, வெறும் செரிசின்.

அன்றிரவு அப்பாவிடம் அந்தக் கிண்ணத்தைக் காட்டினேன். “அந்தக் கால் கிலோ இதுதாம்பா” என்றேன். அவர் உள்ளங்கைகள் சோடா அரித்து வெடித்தவை. மழைக்காலத்தில் சோறு பிசையக்கூட எரியும். ஒரு விரலால் தொட்டு, அந்த வெடிப்பில் தேய்த்துப் பார்த்தார். “வழவழன்னு இருக்குதேடா” என்றவர், உடனே நூலை எடுத்து விளக்கொளியில் பிரித்தார். “சோடா போடாம வெந்த நூலு. சாயம் திட்டுத்திட்டா நின்னா மொதலாளி எடுப்பாரா?”

இதற்கு என்னிடம் விடையில்லை. வரும் வெள்ளிக்கிழமை அரக்குச் சாயம் காய்ச்சும்போது அந்த ஏழரை கிராமையும் முக்கிப் பார்ப்பதாகச் சொல்லி, காகிதத்தில் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.