துரைக்கு ஒரு கும்பிடு, ஆத்தாவுக்கு ஒரு கும்பிடு

மலேசியாவின் சிரம்பானிலிருந்து தெற்கே போகும் ரயில் செனவாங்கைத் தாண்டினால் சுங்கை காடுட். இன்று தொழிற்சாலைகளும் தாமான் குடியிருப்புகளும் பெருகிவிட்ட இந்த வட்டாரத்தில் முன்பு ரப்பர்தான் பிழைப்பு. தோட்டத்தில் யாருக்கு எந்த இடம் என்பதை வீடுகளே சொல்லிவிடும். மேட்டில் வெள்ளைக்காரத் துரையின் பங்களா, அதற்குக் கீழே கணக்கெழுதும் கிராணிமார் வீடுகள், எல்லாவற்றுக்கும் கீழே தொழிலாளர் லயம். சைக்கிளில் போகும் தொழிலாளி துரையைக் கண்டால் இறங்கி நிற்க வேண்டும். 1941இல் கிள்ளான் தோட்டங்களில் வேலைநிறுத்தம் வெடித்தபோது, கூலி உயர்வோடு இந்த வழக்கத்தை ஒழிக்கவும் கேட்டார்கள் என்றால், அது எவ்வளவு உறுத்தியிருக்கும்!

அப்பா இறங்கி நிற்பதைப் பார்த்தே வளர்ந்த பிள்ளைக்குத் தலை நிமிர யார் கற்றுக்கொடுப்பது? 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளிக்கூடம் வைக்கச் சொன்னது. பல இடங்களில் கிராணியோ கங்காணியோதான் வாத்தியார். நாலு எழுத்து தெரிந்தால் போதும், அப்புறம் பால் வாளிதான்.

அம்மாதான் மிச்சம். விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஓடுகிறவள், வெள்ளிக்கிழமை சாயங்காலம் மட்டும் வேறு ஆள். ரப்பர் பால் பிசுக்குப் போகத் தேய்த்துக் குளித்து, லயத்துச் சுவரில் மாட்டிய மாரியம்மன் படத்துக்குச் சூடம் காட்டி, பிள்ளைகள் நெற்றியில் விபூதியை அழுத்திப் பூசுவாள். துரைக்குப் போடுகிற கும்பிடு வயிற்றுக்கு, ஆத்தாவுக்குப் போடுவதே மனசறிந்த கும்பிடு என்பது பிள்ளைக்கு அங்கேதான் பிடிபட்டது. தீமிதித் திருவிழா நாளில் லயத்து ஆள்தான் காப்புக் கட்டிய சாமி. வேடிக்கை பார்க்க வரும் துரை வெறும் விருந்தாளி.

இந்தப் பக்தியைப் புனிதமாக்கிவிடவும் கூடாது. கோயிலுக்கு இடம் கொடுத்த நிர்வாகம், ஆட்கள் தோட்டத்தைவிட்டுப் போகாமல் இருந்தால் சரி என்று கணக்குப் போட்டிருக்கும். கோயிலுக்குள்ளும் சாதிக்குத் தனிக் கோடு இருந்தது. 1929 கடைசியில் மலாயா வந்த பெரியார் சாதியையும் சாமியையும் சேர்த்தே சாடினார். இந்த அம்மாக்களுக்கு அது பிடித்திருக்காது. ஆனாலும் அவர் சொன்னதில் பாதி அவர்கள் லயத்திலேயே கண்ட உண்மை.

கள்ளுக்கடை விஷயத்தில்தான் அவர்கள் பக்தி வேறு முகம் காட்டியது என்பேன். விரதம் இருந்து சேர்த்த காசும் அங்கேதான் போய்க் கரைந்தது. 1941 கோரிக்கைகளில் கள்ளுக்கடையை மூடுவதும் ஒன்று. 1947இல் கெடாவில் தோட்டத் தொழிலாளர்களின் தொண்டர் படை கள்ளுக்கடைகளை மறித்தபோது பெண்களும் கூட நின்றார்கள். ஆடிக் கூழுக்கு அரிசி இல்லாமல் போன வருஷங்களை நினைவில் வைத்திருந்தவர்கள் அவர்கள்தானே.