நந்தி மலையின் மேகக் கடல் எங்கே பிறக்கிறது?

பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "எங்கள் அலுவலகத்துக்கு ஜெர்மனியிலிருந்து வந்த விருந்தாளி, கார் வேண்டாம், எல்லாரும் போகிற பஸ்ஸிலேயே போகிறேன் என்று ஒரு டிசம்பர் ஞாயிறன்று நந்தி மலைக்குப் போய்வந்தார். மேலே சேரும்போது மணி பத்தரை. இணையத்தில் காட்டுகிற மேகக் கடல் இல்லவே இல்லை. வயல்களும் ஏரிகளும்தான் தெரிந்தனவாம். அந்தப் படங்கள் பொய்யா?"

படங்கள் பொய்யல்ல. அவற்றோடு ஒட்டிவரும் 'சொர்க்க வாசல்', 'மேகத்தின் மேல் நடக்கலாம்' போன்ற வாக்குறுதிகளைத்தான் நம்ப வேண்டியதில்லை. அந்த வீடியோக்கள் இரண்டு வெவ்வேறு காட்சிகளைக் கலந்துவிடுகின்றன. மழைக்காலத்தில் ஈரக்காற்று மலைச்சரிவில் ஏறிக் குளிர்ந்து மேகமாகிறது. அப்போது நாம் மேகத்துக்குள் நிற்கிறோம், பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. காலடியில் பரந்து கிடக்கும் வெண்கடல் வேறு. நவம்பர் முதல் பிப்ரவரி வரை, வானம் தெளிந்து, காற்று அசையாமல், மண்ணில் ஈரம் மிச்சமிருக்கும் இரவுகளுக்குப் பின்னால்தான் அது அமையும். அது தரையில் பிறந்த மூடுபனி. 1,478 மீட்டர் உயரமுள்ள மலைக்கு அதை உண்டாக்குவதில் பெரிய பங்கில்லை. விருந்தாளியின் பஸ் தேவனஹள்ளியைத் தாண்டி எந்த வயல்களுக்கு நடுவே போனதோ, அங்கேதான் அது பிறக்கிறது.

   

இரவில் நிலம் தன் வெப்பத்தை அகச்சிவப்புக் கதிராக வானத்துக்கு விடுகிறது. ஆகவே தரைதான் மிகக் குளிர்ந்திருக்க வேண்டும், மேலே போகப்போக வெதுவெதுப்பு கூட வேண்டும். பாடநூல் அப்படித்தான் சொன்னது. 1932இல் புனேயில் வேளாண் வானிலையாளர் எல். ஏ. ராமதாஸ், சக ஆய்வாளர் ஆத்மநாதனுடன் சேர்ந்து தரையை ஒட்டி வெப்பமானிகளை வைத்து அளந்தார். ராமதாஸ் பாலக்காட்டில் பிறந்தவர், சர் சி. வி. ராமனின் மாணவர். அவர் கண்டது வேறு: மிகக் குளிர்ந்த இடம் தரையல்ல, தரைக்குச் சில அங்குலங்கள் முதல் ஓரிரண்டு அடி வரை மேலே இருக்கும் காற்று. அது தரையைவிடச் சில டிகிரி குளிர்ந்திருந்தது.

உலகம் இதை எளிதில் ஏற்கவில்லை. குளிர்ந்த காற்று கனமானது. வெதுவெதுப்பான காற்றின் மேல் அது எப்படி இரவு முழுக்க உட்கார்ந்திருக்கும்? கருவியில் பிழை இருக்கும், பக்கத்து வயலின் குளிர்காற்று வந்திருக்கும் என்றார்கள். 1957இல் ராஷ்கே என்ற ஜெர்மானியர் புனேயில் நுணுக்கமாக அளந்து, ராமதாஸ் சொன்னது சரியே என்று காட்டினார். வாசகரின் விருந்தாளிக்கு இந்தச் செய்தி பிடிக்கும்.

காரணத்தைத் தேடும் வேலை பெரிதும் பெங்களூரில் நடந்தது. அறிவியலாளர் ரொத்தம் நரசிம்மாவும் உடன் பணியாற்றியவர்களும் 1993இல் ஒரு கோட்பாடு தந்தார்கள். பின்னர் ஜக்கூரில் உள்ள ஜவாஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தில் கே. ஆர். ஸ்ரீநிவாஸின் குழு சோதனைகள் செய்து, அந்த விளக்கம் போதாது என்றும், காற்றில் மிதக்கும் நுண்தூசுக்குப் பெரும்பங்கு உண்டு என்றும் காட்டியது. நந்தி மலை பஸ் போகும் பல்லாரி சாலையை ஒட்டித்தான் ஜக்கூர் இருக்கிறது.

தூசுக்கு இதில் என்ன வேலை? நிலத்தைக் குதிர் நிறைய நெல் வைத்திருக்கும் வீடாக நினைத்துக்கொள்ளுங்கள். இரவு முழுக்க வானத்துக்கு வெப்பத்தை அள்ளி வீசினாலும், அடிமண்ணிலிருந்து எடுத்து நிரப்பிக்கொள்ளும். காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்ஸிஜனும் கையில் காசிருந்தும் கடைக்குப் போகத் தெரியாதவர்கள், அகச்சிவப்பில் அவற்றால் அநேகமாக ஒன்றும் செலவழிக்க முடியாது. தூசுத் துகள் அன்றாடங்காய்ச்சி. அதற்குச் சேமிப்பில்லை, செலவு மட்டும் தெரியும். தன் வெப்பத்தை நொடியில் வானத்துக்குக் கொடுத்துவிட்டுச் சுற்றியுள்ள காற்று மூலக்கூறுகளிடம் கடன் வாங்கும், அதையும் கொடுத்துவிடும், மறுபடி வாங்கும். கடன் கொடுத்துக் கொடுத்துத் தெருவே வறுமைக்கு வந்துவிடுகிறது. குதிர் வீட்டின் திண்ணையை ஒட்டியவர்களுக்கு மட்டும் கொஞ்சம் நெல் கிடைக்கிறது, அதனால் தரையைத் தொட்ட காற்று தப்பிக்கிறது. தூசு அடர்ந்திருப்பது தரைக்குச் சற்று மேலே. உயரப் போனால் அது குறைகிறது, கடன்காரர்களும் குறைகிறார்கள். ஆகவே வறுமையின் அடிமட்டம் முழங்காலுக்குக் கீழே அமைகிறது. குளிர் அடுக்கு கவிழ்ந்து கலந்துவிடாதா என்ற பழைய கேள்விக்கும் விடை இருக்கிறது: கதிர்வீச்சுப் பரிமாற்றம், சிறு வெப்ப ஏற்றத்தாழ்வுகள் வளர்ந்து புரளுமுன்பே அவற்றைச் சமன்செய்துவிடுகிறது.

காற்றில் ஈரம் போதுமானால், அந்த அடுக்கு, ஈரம் நீராக மாறும் பனிநிலையைத் தொட்டதும் அதே தூசுத் துகள்களின் மேல் நீர் படிகிறது. முதலில் கணுக்கால் உயரத்தில் ஒரு மெல்லிய வெண்மை. அது தடித்ததும் அதன் மேற்பரப்பே வானத்துக்கு வெப்பம் விடத் தொடங்குகிறது. அங்கே குளிர்ந்த காற்று கீழிறங்கிக் கலக்க, மூடுபனி மேல்நோக்கி வளர்கிறது. மேலே இருக்கும் வெதுவெதுப்பான காற்று மூடிபோல் அதைத் தடுத்து நிறுத்துவதால் உச்சி தட்டையாகிறது. அடிவாரத்துக்குச் சுமார் 500 மீட்டர் மேலே நிற்பவருக்கு அது கடலாகத் தெரிகிறது.

கதிரவன் ஏறியதும் பனியை ஊடுருவும் ஒளி தரையைச் சுடுகிறது, மூடுபனி அடியிலிருந்து கரைகிறது. பெரும்பாலான நாட்களில் காலை ஒன்பது மணிக்குள் எல்லாம் முடிந்துவிடும். பெங்களூரு மெஜஸ்டிக் பஸ் நிலையத்திலிருந்து பஸ் பிடித்துப் பத்தரைக்குச் சேர்ந்தவர் அதைப் பார்த்திருக்க வழியே இல்லை. கடலைப் பார்த்தே தீர வேண்டுமானால் முந்தின இரவே மலையடிவாரத்துக்குப் போய்விட வேண்டும். முந்தின மாலை வானம் தெளிந்து காற்று அடங்கியிருந்தால் வாய்ப்பு உண்டு. உறுதி கிடையாது.

சுற்றுலாவைவிட இந்த ஆய்வின் பயன் பெரியது. கெம்பேகௌடா விமான நிலையத்தில் குளிர்கால விமானங்கள் இதே மூடுபனியால்தான் தாமதமாகின்றன. அங்கே கருவிகள் வைத்து ஜக்கூர் குழு ஆராய்ந்திருக்கிறது. தேவனஹள்ளி, சிக்கபள்ளாபூர் திராட்சைத் தோட்டங்களில், மூடுபனியில் இலை எத்தனை மணி நேரம் நனைந்திருக்கிறது என்பதைப் பொறுத்துப் பூஞ்சை நோய் வருகிறது. ஆனால் வழக்கமான வானிலை நிலையங்கள் வெப்பத்தை அளப்பது ஒன்றேகால் முதல் இரண்டு மீட்டர் உயரத்தில். மூடுபனி பிறக்கும் அடுக்கு அதற்குக் கீழே, கவனிப்பாரற்றுக் கிடக்கிறது. புவியைச் சுற்றும் செயற்கைக்கோள்களுக்குச் செலவிடுவதில் ஒரு சிறு பங்கையாவது, வயலில் கணுக்கால் உயரத்தில் வைக்கும் வெப்பமானிகளுக்கும் தூசு அளக்கும் கருவிகளுக்கும் ஒதுக்க வேண்டும். ராமதாஸ் வேளாண் வானிலையாளர், விவசாயிக்காகத்தான் குனிந்து தரையருகே அளந்தார். விமானியும் திராட்சை விவசாயியும் நம்பக்கூடிய மூடுபனி முன்னறிவிப்பு வேண்டுமானால், நாமும் அந்த உயரத்தில்தான் அளக்க வேண்டும்.