தொட்டியில் தென்னை பேணல்

தொட்டியில் தென்னை பேணல் என்பது, ஓரளவு வளர்ந்த தென்னையொன்றை நிலையான இடத்தில் நடுவதற்கு முன்னர் சில மாதங்களுக்குத் தொட்டியில் உயிருடன் வைத்திருக்கும் முறையாகும். வீட்டு விரிவாக்கம், சாலை அகலப்படுத்தல் போன்ற காரணங்களால் மரத்தைப் பெயர்க்க நேர்ந்து, புதிய இடம் இன்னும் அணியமாகாத நிலையில் இம்முறை கைக்கொள்ளப்படுகிறது. தஞ்சாவூரை உள்ளிட்ட காவிரிப் படுகையில் பருவமும் இதற்கு ஒரு காரணமாகும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் களிமண் கொல்லைகளில் தோண்டப்படும் குழி விரைவில் குட்டையாகிவிடும். அப்போது பெயர்க்கப்பட்ட மரம் மழை ஓயும் வரை காத்திருக்க வேண்டியுள்ளது. காய்ப்பை எதிர்பார்த்துத் தொட்டியிலேயே தென்னை வளர்ப்பது வேறு. அது இக்கட்டுரையில் அடங்காது.

வேரும் குருத்தும்

தென்னை ஒருவித்திலைத் தாவரம். இதற்கு ஆணிவேர் இல்லை. தண்டின் அடிப்பகுதியிலிருந்து ஏறத்தாழ ஒரே பருமனுடைய ஏராளமான வேர்கள் கிளம்புகின்றன. மரத்தைப் பெயர்க்கும்போது இவற்றில் பெரும்பாலானவை வெட்டுப்படும். வெட்டுப்பட்ட தென்னை வேர்களில் சுமார் பாதி மட்டுமே மீண்டும் கிளைக்கின்றன என்பது அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் நடந்த ஆய்வுகளில் தெரியவந்தது. இழப்பைத் தண்டின் அடியிலிருந்து எழும் புதிய வேர்களே ஈடுசெய்ய வேண்டும்.

மா, வேம்பு போன்ற மரங்களில் பட்டைக்கு அடியில் உள்ள வளர்படை காயங்களை மூடிவிடும். தென்னையில் அவ்வளர்படை கிடையாது. எனவே தண்டில் அடித்த ஆணியின் துளையும் கம்பி அறுத்த வடுவும் மரம் உள்ளவரை மூடாமல் இருக்கும். வளரும் முனையும் உச்சியில் ஒன்றே ஒன்றுதான். அது ஒடிந்தாலோ அழுகினாலோ மரம் பிழைக்காது. மரத்தைத் தூக்கும்போது தண்டில் சாக்கு சுற்றி, அதன் மேல் கயிறு கட்டித் தூக்க வேண்டும். மட்டைகளை மேல்நோக்கிச் சேர்த்துக் கட்டினால் குருத்து ஆடாமல் இருக்கும்.

தண்டில் நீரும் சர்க்கரைச்சத்தும் சேமிப்பாக இருப்பதால், வேர் இறந்துகொண்டிருக்கும் மரமும் சில வாரங்களுக்குப் பச்சையாகவே தோன்றும். தொட்டித் தென்னைகளைப் பற்றிய ஏமாற்றங்களில் பெரும்பகுதி இதனால் விளைவதே. விரியாத குருத்தின் மீதும், அதை ஒட்டிய மட்டையின் மீதும் ஒரே உயரத்தில் மையால் கோடிட்டு வைப்பது எளிய சோதனை. குருத்து வளர்ந்தால் இரு கோடுகளும் வாரந்தோறும் விலகிச் செல்லும். நெட்டைத் தென்னை இயல்பாக ஆண்டுக்குச் சுமார் 12 மட்டைகள் விடும். தொட்டியில் அதைவிடக் குறைவாகவே விடும் எனினும், அடுத்தடுத்து இரண்டு மூன்று மட்டைகள் வழக்கமான நீளத்தில் விரிந்தால் புதிய வேர் பிடித்துவிட்டதாகக் கொள்ளலாம். கோடுகள் விலகாமலே நிற்பின் வேர்ப்பகுதியில் நீர் தேங்குகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

தொட்டியும் மண்ணும்

5 மீட்டருக்குக் குறைவான உயரமுள்ள மரத்துக்குத் தண்டிலிருந்து எல்லாப் பக்கமும் குறைந்தது 20 சென்டிமீட்டர் அளவுக்கு வேர்மண் எடுக்க வேண்டும். கூடுதலாக எடுப்பது நல்லது. அந்த மண்கட்டியைச் சுற்றி ஒரு சாண் இடைவெளி இருக்குமாறு தொட்டி அமைய வேண்டும். பெரிய தொட்டி கிடைக்காவிடில் கிணற்றுக்கு இறக்கும் சிமெண்டு உறை ஒன்றைத் தரையில் செங்கல் சல்லி பரப்பி அதன்மேல் வைக்கலாம். 90 செ.மீ. விட்டமும் 75 செ.மீ. உயரமும் உள்ள தொட்டி ஏறத்தாழ அரைக் கன மீட்டர் மண் கொள்ளும். நனைந்த மண்ணுடன் அதன் எடை முக்கால் டன்னைத் தாண்டும். ஆதலால் மாடியில் வைப்பது கூடாது. இறுதியாக நடும் குழிக்கு அருகிலேயே தொட்டியை வைப்பதே அறிவுடைமை.

படுகையின் வண்டல் களிமண் நெல்லுக்கு உகந்தது, தொட்டிக்கு உகந்ததன்று. நனைந்தால் காற்றுப் புகாமல் இறுகி, காய்ந்தால் வெடித்துப் பக்கச்சுவரை விட்டு விலகும். அவ்விடைவெளி வழியே ஊற்றிய நீர் முழுவதும் வெளியேறிவிட, நடுவிலுள்ள வேர் உலர்ந்தே கிடக்கும். ஆற்று மணலை மிகுதியாகவும், மக்கிய எருவையும் தென்னை நார்க்கழிவையும் குறைவாகவும் கலந்த மண் ஏற்றது. மரம் நிலத்தில் எந்த ஆழத்தில் இருந்ததோ அதே ஆழத்தில்தான் தொட்டியிலும் நிற்க வேண்டும். ஆடாமல் இருக்கத் தண்டின் கழுத்துவரை மண் ஏற்றுவது பரவலாகக் காணப்படும் தவறு. மூன்று மூங்கில் முட்டுகளே அதற்குப் போதும்.

நீரும் உரமும்

சித்திரை, வைகாசி மாதங்களில் தினமும் காலையில், தொட்டியின் அடித்துளை வழியே கசியும் வரை நீர் ஊற்ற வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் பெரும்பாலும் ஊற்றத் தேவையில்லை. துளை அடைபடாமல் பார்த்துக்கொள்வதே அப்போதைய வேலை. ஐயம் எழும்போது ஒரு குச்சியை அரை முழம் செருகி எடுத்தால் ஈரம் தெரிந்துவிடும்.

காய்க்கும் தென்னைக்கு ஆண்டுக்கு 1.3 கிலோ யூரியா, 2 கிலோ சூப்பர் பாஸ்பேட், 2 கிலோ பொட்டாசு எனத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் அளவு, நிலத்தில் நிற்கும் மரத்துக்கானது. அதைத் தொட்டியில் இட்டால் வேர் கருகும். புதுவேர் பிடிக்கும் வரை உரமே வேண்டியதில்லை. அடிமட்டைகள் மஞ்சளாவதைக் கண்டு அவற்றை வெட்டிவிடுவதும் தவறு. மரம் அவற்றிலுள்ள பொட்டாசியத்தை உறிஞ்சிப் புதுக் குருத்துக்கு அனுப்புகிறது.

நோயும் பூச்சியும்

தஞ்சாவூர் வாடல் நோய் என்பது கானோடெர்மா என்னும் பூஞ்சையால் தோன்றும் அடித்தண்டழுகல் ஆகும். 1952ஆம் ஆண்டில் தஞ்சாவூர் மாவட்டத் தோப்புகளில் கடுமையாகக் காணப்பட்டதால் இப்பெயர் பெற்றது. தண்டின் அடியில் செம்பழுப்புச் சாறு வடிவது இதன் அறிகுறி. பூஞ்சை பழைய அடிக்கட்டைகளிலும் மண்ணிலும் தங்கியிருக்கும். எனவே பட்டுப்போன தென்னை நின்ற இடத்திலிருந்து தொட்டிக்கு மண் எடுக்கக் கூடாது. வேர் வெட்டுப்பட்டுக் காயத்துடன் இருக்கும் மரத்துக்கு இது இரட்டிப்பு ஆபத்து.

காண்டாமிருக வண்டு எருக்குழியில் பெருகிக் குருத்தைத் துளைப்பது. வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கும் மணல் இரண்டு பங்கும் கலந்து, 150 கிராம் அளவில், குருத்தை ஒட்டிய மூன்று மட்டை இடுக்குகளில் இடலாம். சிவப்புக் கூன்வண்டு காயத்தின் வாடையால் ஈர்க்கப்படுவது. ஆகவே பச்சை மட்டையை வெட்டியே தீரவேண்டுமெனில் 4 அடி அளவுக்குக் காம்பை விட்டு வெட்டுவர்.

கஜா புயலுக்குப் பின்

2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த கஜா புயல், பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு வட்டாரங்களில் இலட்சக்கணக்கான தென்னைகளைச் சாய்த்தது. தண்டு முறிந்தவற்றுக்கு மீட்சி இல்லை. ஒருபக்க வேர் பிடிப்புடன் சாய்ந்த இளமரங்களை நிமிர்த்தும் முயற்சிகள் நடந்தன. கிடந்த மரங்களை அகற்றிய பின்னரே புதுக்குழி எடுக்க முடியும் என்பதால், இத்தகைய காலங்களில் நாற்றுகள் நெகிழிப் பைகளிலேயே காத்திருக்க நேரும். பைக்குள் வேர் சுற்றிக்கொள்வதைப் பற்றிப் பெரிதாக அஞ்ச வேண்டியதில்லை. பிற மரங்களில் சுற்றிய வேர் பருத்துத் தண்டை நெரிக்கும். தென்னை வேர் பருப்பதில்லை. நடும்போது அவற்றை வெட்டிச் சீர்செய்வது தேவையற்ற இழப்பாகும். வேப்பங்குளத்திலுள்ள தென்னை ஆராய்ச்சி நிலையம் இவ்வட்டாரத்துக்கான இரகங்களையும் நாற்றுகளையும் உருவாக்கி வருகிறது.

பனை

தென்னைக்குச் சொன்ன முறை பனைக்குப் பொருந்தாது. பனங்கொட்டை முளைக்கும்போது முளைத்தண்டு முதலில் மண்ணுக்குள் ஆழமாக இறங்கி, அங்கே கிழங்காகிறது. ஆழமற்ற தொட்டியில் இது வளைந்து கெடும். நிலத்திலிருந்து தோண்டினால் பெரும்பாலும் அறுபடும். ஆகவே பனையைக் கொட்டையாகவே நிலையான இடத்தில் ஊன்றுவது வழக்கம்.