ஓட்டினால் குற்றம், விற்றால் வணிகம்

பிரிட்டனில் சில நூறு பவுண்டு கையில் இருந்தால் கடையில் ஒரு மின் ஸ்கூட்டரை வாங்கிவிடலாம். விற்பவர் மீது குற்றமில்லை. வாங்குபவர் மீதும் குற்றமில்லை. கடை வாசலில் அதை இறக்கி ஏறி நின்று விசையை அழுத்தினால் மட்டும் குற்றம். சொந்தமாகப் பரந்த தோட்டம் வைத்திருப்பவர் அதற்குள் ஓட்டிக்கொள்ளலாம். மற்றவர்கள் வாங்கி, துடைத்து, வீட்டில் சாய்த்து வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

மின் ஸ்கூட்டர் என்றதும் நம் வாசகர்களுக்கு இருக்கையுடன் கூடிய இருசக்கர வாகனம் நினைவுக்கு வரும். இங்கே பேசப்படுவது அதுவன்று. சிறுவர்கள் ஒரு காலால் உந்தி விளையாடும் வண்டிக்கு மின்கலமும் மோட்டாரும் பொருத்தினால் எப்படி இருக்குமோ, அதுதான் இது. நின்றபடியே ஓட்ட வேண்டும்.

இதை நடைபாதையில் ஓட்டத் தடை விதிக்கும் சட்டம் 1835-ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டம். விக்டோரியா அரியணை ஏறுவதற்கும் இரண்டு ஆண்டுகள் முந்தையது. குதிரை, கழுதை, ஆடு, பன்றி ஆகியவற்றை நடைபாதையில் ஓட்டிச் செல்லக் கூடாது, எவ்வகை வண்டியும் கூடாது என்கிறது அதன் 72-ஆவது பிரிவு. 2011-இல் செக்வே என்னும் இருசக்கரத் தற்சமநிலை வண்டியில் நடைபாதையில் சென்ற ஒருவருக்கு 75 பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது இந்தப் பிரிவின் கீழ்தான்.

சரி, நடைபாதை வேண்டாம், சாலையில் ஓட்டலாமே என்றால், 1988-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம் குறுக்கே நிற்கிறது. அதன்படி இது மோட்டார் வாகனம். எனவே காப்பீடு வேண்டும். சொந்த மின் ஸ்கூட்டருக்கு உரிய காப்பீடோ சந்தையில் கிடைப்பதில்லை. காப்பீடின்றி ஓட்டினால் 300 பவுண்டு அபராதம். ஓட்டுநர் உரிமத்தில் ஆறு தண்டனைப் புள்ளிகள். வண்டியும் பறிமுதல் செய்யப்படலாம். உரிமம் பெற்று இரண்டு ஆண்டுகள் நிறைவடையாதவர் ஆறு புள்ளிகள் பெற்றால் உரிமத்தையே இழப்பார். ஆக, ஸ்கூட்டரில் போன இளைஞர் கார் ஓட்டும் தகுதியை இழக்கிறார்.

இந்தத் தடைக்கு ஒரு விலக்கு உண்டு. 2020 ஜூலையில், பெருந்தொற்றுக் காலத்தில், பேருந்துகளில் நெரிசலைத் தவிர்க்க வாடகை மின் ஸ்கூட்டர்களை இங்கிலாந்தின் சில நகரங்களில் சோதனை முறையில் அரசு அனுமதித்தது. திட்டமிட்ட காலம் ஓராண்டு. பிறகு அது நீட்டிக்கப்பட்டது, மீண்டும் நீட்டிக்கப்பட்டது, இப்போது 2028 மே மாதம் வரை வந்து நிற்கிறது. இடையில், 2022 மே மாத அரசி உரையில் இதற்கான சட்டமுன்வரைவு வாக்களிக்கப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில், அந்தக் கூட்டத்தொடரில் அதற்கு நேரமில்லை என்று அரசு கைவிரித்துவிட்டது. பிரதமர்கள் மாறினர், ஆளும் கட்சியும் மாறியது. சோதனை மட்டும் நிலைத்திருக்கிறது.

பொருளியலில் 'வாடகை' என்ற சொல்லுக்குத் தனிப்பொருள் ஒன்று உண்டு. போட்டியாளர் உள்ளே நுழைய முடியாததால் மட்டுமே ஒருவருக்குக் கிடைக்கும் மிகைவருவாயை அச்சொல் குறிக்கும். அதை மாணவர்களுக்கு விளக்க ஆண்டுதோறும் நான் எடுத்துக்காட்டுத் தேடி அலைந்ததுண்டு. இதைவிடச் சிறந்தது அப்போது கிடைக்கவில்லை. ஒரே தெரு, ஒரே வேகம், ஏறத்தாழ ஒரே வண்டி. நிமிடத்துக்கு இவ்வளவு என்று நிறுவனத்துக்குக் கட்டணம் செலுத்துபவர் சட்டத்துக்கு உட்பட்ட குடிமகன். சொந்தமாக வாங்கி ஓட்டுபவர் குற்றவாளி. நாள்தோறும் பணிமனைக்குச் செல்லும் தொழிலாளிக்குச் சில மாத வாடகைச் செலவு, வண்டியின் விலையையே எட்டிவிடலாம். மலிவான வழியைத் தேர்ந்தெடுப்பதுதான் இங்கே குற்றமாகிறது.

எதிர்த்தரப்பின் அச்சம் பொய்யன்று. ஓசையின்றி வரும் வண்டி பார்வையற்றோருக்கும் முதியோருக்கும் பேராபத்து. மின்கலங்கள் தீப்பற்றியதை அடுத்து, 2021 டிசம்பர் முதல் லண்டன் சுரங்க ரயிலிலும் பேருந்துகளிலும் தனியார் ஸ்கூட்டர்களைக் கொண்டு செல்லவே தடை உள்ளது. ஆனால் வாடகை வண்டிக்கு மணிக்கு 15.5 மைல் என்ற உச்சவேகமும் தரநிலையும் காப்பீடும் வகுக்க முடிந்த அரசுக்கு, சொந்த வண்டிக்கு மட்டும் அவற்றை வகுக்க ஏன் முடியவில்லை? ஜெர்மனி 2019-இலேயே 20 கி.மீ. வேக வரம்பும் காப்பீட்டுத் தகடும் வைத்து அனுமதித்தது. பாரிஸ் 2023-இல் வாக்கெடுப்பு நடத்தி வாடகை ஸ்கூட்டர்களை வெளியேற்றியது. எட்டில் ஒரு பங்கினர்கூட வாக்களிக்கவில்லை என்றாலும், அது ஒரு முடிவு. முடிவெடுக்காமல் இருப்பதையே கொள்கையாக்கியிருப்பது லண்டன்தான். அங்கு சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச்செல்லும் சைக்கிள் ரிக்‌ஷாக்களை நெறிப்படுத்தும் அதிகாரமே 2024-இல்தான் நகரப் போக்குவரத்து அமைப்புக்கு வாய்த்தது. அதுவரை அவை 1869-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடுக்கில் ஓடிக்கொண்டிருந்தன.

ஒரே ஒருமுறை சட்டம் முந்திக்கொண்டது. மின்விசை உதவியுடன் மிதித்து ஓட்டும் வண்டிகளுக்கு 1983-இலேயே விதி வகுக்கப்பட்டது. 1985 ஜனவரியில், கடுங்குளிரில், சர் கிளைவ் சின்கிளேர் தம் சி5 மூன்று சக்கர வண்டியை 399 பவுண்டு விலையில் அறிமுகம் செய்தார். உரிமம் வேண்டாம், காப்பீடு வேண்டாம், 14 வயது நிரம்பியிருந்தால் போதும். லாரிச் சக்கரத்தின் உயரத்தில் படுத்தபடி செல்ல மக்களுக்குத்தான் மனம் வரவில்லை. அவ்வாண்டு ஆகஸ்டிலேயே உற்பத்தி நின்றது. சலவை இயந்திரத் தொழிற்சாலையில் செய்யப்பட்டதால், உள்ளே இருப்பதும் சலவை இயந்திர மோட்டார்தான் என்று ஊர் சிரித்தது. அது உண்மையன்று.

1865-இல் வந்த சட்டம் தானியங்கி ஊர்திகளுக்கு நகருக்குள் மணிக்கு இரண்டு மைல் வேகத்தை விதித்து, செங்கொடி ஏந்திய ஒருவர் 60 கஜம் முன்னால் நடக்க வேண்டும் என்றது. அந்நடைக்கு முற்றுப்புள்ளி 1896-இல்தான் வந்தது. அதைக் கொண்டாட, ஆண்டுதோறும் நவம்பரில் லண்டன் ஹைட் பூங்காவில் ஒரு செங்கொடியைக் கிழித்துவிட்டு, 1905-க்கு முன் செய்யப்பட்ட கார்கள் பிரைட்டனுக்குப் புறப்படுகின்றன. கூட்டம் ஆரவாரம் செய்கிறது. அதைக் காணத் தன் சொந்த மின் ஸ்கூட்டரில் வந்தவர் இருந்தால், அவர் காவலர் கண்ணில் படாமல் திரும்ப வேண்டும்.