வார்பரின் குளிசை: ஆளுக்கு ஆள் அளவு வேறு

இருதய வால்வு மாற்றியவர்களும் காலில் இரத்தம் கட்டிப்பட்டவர்களும் கிளினிக்கில் வார்பரின் என்னும் குளிசையைப் பெறுகின்றனர். இரத்தம் உள்ளே கட்டிப்படாமல் தடுப்பதே இதன் வேலை. "பக்கத்து வீட்டாருக்கு மூன்று மில்லிகிராம், எனக்கு ஏன் ஏழு?" என்ற கேள்வி எம்மிடம் அடிக்கடி வருகிறது.

இக்குளிசையின் கதை மாட்டுப்பட்டியில் தொடங்கியது. 1920களில் கனடாவிலும் வட அமெரிக்கச் சமவெளிகளிலும், பூஞ்சணம் பிடித்த குளோவர் என்ற தீவனத்தைத் தின்ற மாடுகள் இரத்தப்போக்கு நிற்காமல் இறந்தன. 1933இல் விஸ்கொன்சின் மாநிலக் கமக்காரர் ஒருவர் செத்த பசுவையும் உறையாத இரத்தத்தையும் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோனார். கார்ல் லிங்க் என்பவரின் ஆய்வுகூடம் காரணப் பொருளைப் பிரித்தெடுத்தது. அதன் வழிவந்த வார்பரின் 1948இல் எலி மருந்தாக விற்பனைக்கு வந்து, 1954இல் மனிதருக்கும் அனுமதிக்கப்பட்டது. இதைச் சொல்வது பயமுறுத்துவதற்கல்ல. அளவு ஏன் இவ்வளவு முக்கியம் என்பது விளங்கவே.

இரத்தம் உறைவதற்கான பொருட்களை ஈரல் விற்றமின் கே கொண்டு ஆக்குகிறது. வார்பரின் அதைத் தடுக்கிறது. சிலருடைய ஈரல் பிறவியிலேயே இம்மருந்தை மெதுவாகக் கழிக்கும். அவர்களுக்குக் கொஞ்சம் போதும். முதியவர்களுக்கும் பொதுவாகக் குறைவாகவே தேவை. ஒருவருக்கு நாளுக்கு இரண்டு மில்லிகிராம், இன்னொருவருக்குப் பத்து. ஆகவே ஐ.என்.ஆர். என்ற இரத்தப் பரிசோதனை பார்த்தே அளவு தீர்க்கப்படுகிறது. மருந்தில்லாதவருக்கு அது சுமார் 1. குளிசை எடுக்கும் பெரும்பாலானோருக்கு 2க்கும் 3க்கும் இடையில் நிற்கவேண்டும். சில செயற்கை வால்வுகளுக்குச் சற்றுக் கூட.

இடம்பெயர்ந்தவர்கள் கவனிக்க வேண்டியது இனித்தான். விற்றமின் கே பச்சை இலைகளில் மிகுதி. வேலி முருங்கையிலும் பொன்னாங்காணியிலும் தினம் கறி வைத்தவருக்கு, அந்தச் சாப்பாட்டோடு சேர்த்தே அளவு கணிக்கப்பட்டிருக்கும். அவரே வளவை விட்டுவந்து வாரக்கணக்காகச் சோறும் பருப்பும் கோதுமை மாவுமாக இருந்தால், அதே குளிசை இப்போது கடுமையாகிவிடும். முரசில் இரத்தம் கசியலாம், மலம் கறுத்துப் போகலாம். பிறகு கொட்டிலோரம் கீரைப்பாத்தி போட்டு நாளாந்தம் உண்ணத் தொடங்கினால் மருந்து பலங்குறையும். வால்வில் இரத்தம் கட்டிப்படலாம். கீரையே தொடாதீர்கள் என்று சிலர் சொல்வது எமக்குச் சரியாகப் படவில்லை. ஏறக்குறைய ஒரே அளவாக உண்ணுங்கள். சாப்பாடு மாறினால் கிளினிக்கில் சொல்லி இரத்தம் பாருங்கள்.

காய்ச்சல், வயிற்றோட்டம், சாராயம், சில நுண்ணுயிர் கொல்லி மருந்துகள் ஆகியனவும் கணக்கைக் குழப்பும். நோவுக்கு டிஸ்பிரின் வேண்டாம். தவறிய குளிசைக்காக மறுநாள் இரண்டாக விழுங்கவும் வேண்டாம். நிறத்தை நம்பாமல் மில்லிகிராம் எண்ணைப் பாருங்கள். இடம் மாறும்போது கிளினிக் கொப்பியைப் பொலித்தீன் உறையில் கட்டி அடையாள அட்டையோடு வையுங்கள். புதிய ஆஸ்பத்திரியில் உங்கள் அளவை அறிய அதுதான் வழி.

கருவுற்ற பெண்கள், கருவுற எண்ணுபவர்கள் தாமதியாமல் வைத்தியரிடம் சொல்லவேண்டும். இம்மருந்து சிசுவைப் பாதிக்கும். தலையில் அடிபட்டால், காயம் தெரியாவிட்டாலும், அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.